தலைக்கயிற்றில் பூசிய சம்பல்

கல்யாணமாகி நான் வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில் என் மாமியார் என்னைத் திட்டிய திட்டில் பாதி எனக்குச் சேர வேண்டியதே அல்ல. அது நாய்க்குட்டிக்குச் சேர வேண்டியது. ஆனால் நாயைத் திட்டினால் அது வாலை ஆட்டும். என்னைத் திட்டினால் நான் தலையையாவது குனிவேன். திட்டுகிறவருக்கு ஏதாவது பலன் தெரிய வேண்டாமா? அதனால் என்னையே திட்டினார்.

இலங்கை மலைநாட்டில், ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் பிறந்து வளர்ந்தது இறம்பொடைப் பக்கத்தில் ஒரு தோட்டம். கல்யாணம் முடிந்து புறப்படும்போது, என் தகரப் பெட்டியை லொறியில் ஏற்றிவிட்டு, அப்பா ஒரு பழைய கொழுந்துக் கூடையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். உள்ளே சேலைத் துணியில் சுருண்டு கிடந்தது எங்கள் வீட்டு நாய் போட்ட குட்டி. செம்மண் நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. "அங்க ஒனக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒன்னாவது இருக்கட்டும் தாயி" என்றார் அப்பா. தாலி கட்டும்போதுகூட அழாமல் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவள் நான். அந்தக் கூடையைப் பார்த்ததும் ஓவென்று அழுதேன்.

புகுந்த வீட்டில் மூன்றே பேர். என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா, நான். வரிசை வீடுகளான லயத்தில் ஒரே அறையாக ஒரு காம்பரா, அதற்கு முன்னால் திண்ணை போல ஒரு சின்ன இஸ்தோப்பு. மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, கொழுந்து பறித்தே மகனை ஆளாக்கியவர். பேச்சில் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் இடம் வைத்திருந்தார். அந்த இடத்தில் அது இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் நான் அந்தக் குட்டிப் பயலைக் கொண்டுபோய் இறக்கினேன்.

அவன் பல்லுக்கு முதலில் போனது அகப்பைக் காம்பு. பிறகு விளக்குமாறு. அதன் பிறகு என் வீட்டுக்காரரின் கல்யாணச் சப்பாத்து. தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தே பழகியவர், கல்யாணத்துக்காக மட்டும் வாங்கிப் போட்டது அது. கடிபட்ட சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் காலக் கடிச்சுச்சு, அவன் இதக் கடிச்சுட்டான். சரியாப் போச்சு" என்று சிரித்தார். அவர் அப்படித்தான். கோழியைக்கூடச் சத்தம் போட்டு விரட்டத் தெரியாது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் விளக்குமாற்றின் மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு நாயைத் துரத்துவேன். அவன் அதைவிட நல்ல விளையாட்டு உலகத்தில் இல்லை என்பது போல லயத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். கட்டிப் போட்டால், பக்கத்துக் காம்பராக்காரர்கள் வந்து அவிழ்த்துவிடச் சொல்லும்வரை ஊளையிடுவான்.

அத்தையின் கம்பளிதான் பெரிய இழப்பு. குளிருக்கும் மழைக்கும் தலையோடு போர்த்திக்கொண்டு அவர் மலைக்குப் போகிற கம்பளி. ஒரு நாள் மாலை நாங்கள் வேலையிலிருந்து வந்தபோது அதன் ஒரு மூலை முழுவதும் நூல் நூலாகக் கிடந்தது. நடுவில் அவன் படுத்திருந்தான். அத்தை அன்றைக்கு ஒன்றும் திட்டவில்லை. திட்டாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அடுத்த வாரமே கூடைக்கயிறு. கொழுந்துக் கூடை முதுகில் தொங்கும். அதன் கயிறு தலையில் மாட்டியிருக்கும். மாலையில் நான் மலையூற்று கொட்டும் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போன நேரமெல்லாம் அவன் என் தலைக்கயிற்றைச் சப்பிக்கொண்டு இருந்திருக்கிறான், எனக்குத் தெரியாது. மலைச்சரிவில், கூடை நிறைந்த நேரம் பார்த்து, கயிறு அறுந்தது. கூடை உருண்டு போய் மழைநீர் ஓடும் கானுக்குள் விழுந்தது. கங்காணி போட்ட சத்தம் அடுத்த மலைக்குக் கேட்டிருக்கும். அன்று மாலை அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இறம்பொடப் பக்கம் போறவங்ககிட்ட ஒங்கப்பாருக்குச் சொல்லி அனுப்பிருக்கேன். சம்பளத்துக்கு மறு ஞாயித்துக்கெழம வந்து கூட்டிட்டுப் போவாரு. அதுக்குள்ள அது திருந்துனா பாக்கலாம். இன்னொரு சாமான்ல பல்லு வச்சுச்சுன்னா பேச்சே கெடையாது."

அந்தத் தோட்டத்தில் எல்லாரும் எனக்குப் புதியவர்கள். வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் அவரோடும் பேசிப் பழகி எத்தனை நாள்? நான் வாய் திறந்து பேசும் ஒரே உயிர் அந்தக் குட்டி. சமைக்கும்போது அவனிடம்தான் எங்கள் வீட்டுக் கதையெல்லாம் சொல்வேன். அவனை விட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

கசப்பாக எதையாவது பூசினால் கடிக்காது என்று எங்கோ கேட்ட நினைவு. வேப்பெண்ணெய்க்கு எங்கே போக? எங்கள் குளிருக்கு வேப்பமரம் முளைக்காது. நாங்கள் கொச்சிக்காய் என்று சொல்லும் காய்ந்த மிளகாய்தான் கைக்கு எட்டியது. அம்மியில் வைத்து, கொஞ்சம் உப்பும் சேர்த்து, கை பழகிய பழக்கத்தில் ஒரு சின்ன வெங்காயமும் வைத்து அரைத்தேன். புதுக் கயிற்றின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினேன். அன்று அவன் வயிறு முட்ட ரொட்டி தின்றுவிட்டு என் காலடியில் உறங்கிப் போனான். காலையில் கயிறு பல் படாமல் இருந்தது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. கயிறு காய்ந்து போயிருந்தது. தலையில் துணியைச் சுற்றிக் கூடையை மாட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன்.

எங்கள் மலையில் மழைக்குச் சொல்லிக்கொண்டு வரும் பழக்கம் இல்லை. ஆளுக்கொரு தேயிலை வரிசையாக நிரை பிடித்துப் பாதி மலை ஏறியிருப்போம், கொட்ட ஆரம்பித்தது. மழைக்காக யாரும் கொழுந்தை விட்டுவிட்டு ஓட முடியாது. பறித்துக்கொண்டே இருந்தேன். முதலில் நெற்றியில் ஓர் எரிச்சல். அதைத் துடைத்தேன். துடைத்த கை கயிற்றைச் சரிசெய்த கை. அடுத்த நிமிஷம் இரண்டு கண்ணிலும் தீ வைத்தது போல ஆகிவிட்டது. மூக்கிலும் தண்ணீர், கண்ணிலும் தண்ணீர், வாயில் 'அம்மா அம்மா' என்ற முனகல்.

பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, வந்து ரெண்டு மாசங்கூட ஆகல. அதுக்குள்ள கைய வச்சுட்டானா?"

"இல்லக்கா, அவரு ஒன்னுஞ் செய்யல. கொச்சிக்கா…"

"என்னது, கண்ணுல கொச்சிக்காயா? ஐயோ, யாரு போட்டா? மாமியாரா?"

நான் 'இல்லை, இல்லை' என்று தலையை ஆட்டினேன். புதுப்பெண் மாமியாரைக் காட்டிக்கொடுக்கப் பயந்து தலையை ஆட்டுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் எடுபடவில்லை. செய்தி ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்குத் தாவியது. மலையின் அடுத்த கோடியில் பறித்துக்கொண்டிருந்த அத்தையின் காதுக்குப் போய்ச் சேரும்போது, மகன் கையைப் பிடித்துக்கொள்ள, தாய் மருமகள் கண்ணில் கொச்சிக்காய் தேய்த்ததாக அது வளர்ந்திருந்தது. கங்காணி பக்கத்து மலைக்குப் போயிருந்ததால் கதைக்குத் தடையும் இல்லை.

அத்தை தேயிலைச் செடிகளைப் பிளந்துகொண்டு வந்தார். வந்த வேகத்தைப் பார்த்து எல்லாரும் பறிப்பதை நிறுத்திவிட்டார்கள். என் கையைப் பிடித்துத் தரதரவென்று பீலிக்கு இழுத்துப் போய், முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கினார். கண்ணைத் திறக்கச் சொல்லிச் சொல்லிக் கழுவினார். கை முரட்டுக் கை. ஆனால் கண்ணைத் தொட்டபோது பூப்போலத்தான் தொட்டார்.

"இப்பச் சொல்லு. யாருடி ஒங் கண்ணுல கொச்சிக்கா போட்டது? நானா?"

"கயித்துல பூசுனேன் அத்த… நாய் கடிக்காம இருக்க."

அத்தை கூடைக்கயிற்றை எடுத்தார். முகர்ந்தார். பிறகு நாக்கின் நுனியால் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் சப்புக்கொட்டினார்.

"உப்பு பத்தல" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார்: "ஏ புள்ள, தெனமும் காலைல ரொட்டியுஞ் சம்பலும் திங்கிற நாயி அது. தட்டுல ஒட்டுன சம்பல நக்கிட்டுத்தான் எந்திரிக்கும். அதுக்குப் போயி கொச்சிக்கா, உப்பு, வெங்காயம்னு சம்பலயே அரச்சுப் பூசி வச்சியா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பூசியது காவல் மருந்து அல்ல, அவனுடைய காலைச் சாப்பாடு. அத்தைக்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு பீலிக்கரைக் கல்லில் உட்கார்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கண் எரிச்சலோடு நானும் சிரித்தேன். இரண்டு பேரும் மழையில் நனைந்துகொண்டே சிரித்தோம். அவ்வளவு எரிச்சலுக்கும் நடுவில் நான் அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

ஆனால் செய்திக்கு எங்களைவிட வேகமான கால். கவ்வாத்து மலையில் தேயிலையை வெட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு, 'ஒம் பொண்டாட்டி அழுவுறா' என்று மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. மனிதர் பதறிப்போய் ஓடி வந்தார். கவ்வாத்துக் கத்தியைக் கீழே வைக்க மறந்துவிட்டார். ஏற்கெனவே அவர்மேல் சந்தேகத்தில் இருந்தவர்கள், வாழ்க்கையில் ஒருவரையும் அதட்டாத அந்த மனிதர் கையில் கத்தியோடு லயத்துக்கு ஓடி வருவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? தோட்டத் தலைவருக்கு ஆள் போய்விட்டது.

மாலையில் எங்கள் இஸ்தோப்புக்கு முன்னால் லயமே கூடியிருந்தது. தலைவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

"வாழ வந்த புள்ளயக் கண் கலங்க வச்சா நாங்க பாத்துக்கிட்டு இருக்க மாட்டோம். என்ன நடந்துச்சு? பயப்படாமச் சொல்லும்மா."

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூட்டத்தில் யாரோ, "நாய்க்காகக் கயித்துல கொச்சிக்கா பூசுனாளாம். கத நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். தலைவரும் நம்பவில்லை. அதட்டி வைத்திருப்பார்கள், அதனால் மூடி மறைக்கிறாள் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் குற்றவாளி மாதிரி சுவரோரம் நின்றார். ஒன்றும் செய்யாத மனிதர் அப்படி நின்றது எனக்குத் தாங்கவில்லை.

"நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க. நாயவே கேளுங்க" என்றார் அத்தை. உள்ளே போய்க் கயிற்றைக் கொண்டுவந்து தரையில் போட்டார்.

குட்டியை அவிழ்த்துவிட்டேன். வந்த நாளிலிருந்து கடிக்காதே, கடிக்காதே என்று அவனிடம் கெஞ்சியவள், அன்றைக்கு 'கடிடா ராசா' என்று மனதுக்குள் மன்றாடினேன். அவன் கயிற்றை முகர்ந்தான். ஒரு தும்மல் போட்டான். பிறகு கயிற்றைத் தாண்டிப் போய்த் தலைவரின் காலை நக்கினான். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. எனக்கு உயிரே போய்விட்டது.

"உப்பு பத்தலன்னு நான் அப்பவே சொல்லல?" என்று அத்தை எழுந்தார். மழையில் மிளகாயும் கரைந்து போயிருந்தது. அடுப்படியிலிருந்து காலைச் சம்பலின் மிச்சத்தை வழித்து வந்து, உப்பையும் தூவி, கயிற்றின்மேல் நன்றாகத் தேய்த்தார். அவ்வளவுதான். குட்டி பாய்ந்து வந்தான். முன்னங்கால் இரண்டாலும் கயிற்றை அமுக்கிக்கொண்டு, கண்ணை மூடி, கரகரவென்று கடித்தான். நடுவில் ஒரு தடவை உதட்டை நக்கிக்கொண்டு எல்லாரையும் பார்த்தான். தலைவருக்கு முதலில் மீசைதான் ஆடியது. பிறகு அவர் சிரித்த சிரிப்பில் துண்டு தோளிலிருந்து விழுந்தது. லயமே சிரித்தது. பக்கத்து நிரை அக்கா வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நெனச்சுட்டோம், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். அன்றைக்கு எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்காமல் யாரும் போகவில்லை.

கயிறு நாசமாகிவிட்டது. அத்தையின் சட்டப்படி பார்த்தால், அவன் இன்னொரு சாமானில் பல் வைத்தாகிவிட்டது. அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அவனைத் திருத்தியது மறுநாள் என் வீட்டுக்காரர் கொண்டுவந்த ஒரு வேர். பட்டுப்போன தேயிலையைத் தோண்டி எடுத்த இடத்தில் கிடந்ததாம். முடிச்சு முடிச்சாக, கல் போன்ற வேர். "பல்லு மொளைக்கிற புள்ள எதையாச்சும் கடிக்கத்தான செய்யும். இத எத்தன நாளுக்குக் கடிக்கிறான்னு பாப்போம்" என்றார். குட்டி அதைச் சீந்தவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். சம்பல்மேல் அவனுக்கு அவ்வளவு ஆசை என்றால், கருவாட்டின்மேல் எவ்வளவு இருக்கும்? கருவாடு கழுவிய தண்ணீரில் வேரை ஊறப் போட்டு எடுத்துக் கொடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போனவன் விளக்கு வைக்கும்வரை எழுந்து வரவில்லை.

அதன் பிறகு நான் துரத்துவதை விட்டேன். கம்பளி, கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கு, கூடை எல்லாம் சுவரில் ஆணிக்கு ஏறின. தவறிப்போய் எதையாவது கவ்வினால் கத்தாமல், ஓடாமல், வேரை மூக்குக்கு முன்னால் நீட்டுவேன். கவ்வியதைத் தானாகக் கீழே போடுவான். பெரட்டுக்குப் போகும்முன் வேரைக் கருவாட்டுத் தண்ணீரில் முக்கிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துவேன். அந்தத் தண்ணீரை இரவே எடுத்து வைக்கும் வேலையை, யாரும் சொல்லாமலே, அத்தை எடுத்துக்கொண்டார். வீடு கருவாட்டு நாற்றம் எடுத்தது. சாமான்கள் பிழைத்தன.

ஒரு நாள் வேரின் பிளவில் வெள்ளையாக ஏதோ சிக்கியிருந்தது. அரிசி அளவில் ஒரு பல். நான் குப்பையில் போடப் போனேன். அத்தை தடுத்தார். வெளியே போய்க் கொஞ்சம் மாட்டுச்சாணம் எடுத்துவந்து, பல்லை அதற்குள் வைத்து உருட்டி, பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்தால் செய்வது போலவே லயத்துத் தகரக் கூரைமேல் வீசினார். 'டங்' என்று விழுந்தது. "நல்ல பல்லா மொளைக்கட்டும்" என்றார். நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும், "என்னா பாக்குற? ஒலை கொதிக்குது, போ" என்று விரட்டினார்.

இந்தக் கூத்தில் ஒன்றை எல்லாரும் மறந்துபோனோம். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியதை யாரும் திருப்பி எடுக்கவில்லை.

சம்பளத்துக்கு மறு ஞாயிறு, அப்பா வந்து நின்றார். இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு பஸ் ஏறி, நானுஓயாவில் ரயில் பிடித்து, வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்திருக்கிறார். அப்பாவின் முகத்தைப் பார்த்து ஓடினேன். அவர் கையில் புதுக் கயிறு சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது.

தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, கயிற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பா தயங்கித் தயங்கிப் பேசினார். "தங்கச்சி, குட்டியால ஒங்களுக்குப் பெரிய தொந்தரவுன்னு சொல்லி அனுப்புனீங்க. பொண்ணக் குடுத்த எடத்துல அப்பிடி ஒரு கஷ்டம் இருக்கக்கூடாது. நான் கூட்டிட்டுப் போயிடுறேன்."

சொல்லி அனுப்பியது அத்தை வாயால். அதை எப்படித் திருப்பி எடுப்பது? வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பெரியவர்கள் இருவர் பேச்சுக்கு நடுவில் மருமகள் வாய் வைக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து குட்டி வேரைக் கவ்விக்கொண்டு உள்ளேயிருந்து வந்தான். அத்தை குனிந்தார். அவன் வாயிலிருந்த வேரை மெல்ல வாங்கினார். அப்பாவின் பக்கத்தில் இருந்த புதுக் கயிற்றை எடுத்து, "இந்தா" என்று அவன் வாயில் கொடுத்தார்.

"ஏய், ஏய்! கயிறு!" என்று அப்பா எழுந்தார். குட்டி அதற்குள் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டான்.

"அடடா, கயித்தக் கடிச்சுப்புட்டானே அண்ணே" என்றார் அத்தை, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். "இனி எதுல கட்டிக் கூட்டிட்டுப் போவீங்க?"

அப்பாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மெல்ல உட்கார்ந்தார். "புதுசா வந்த எடத்துல புள்ளைக்குத் தெரிஞ்ச மூஞ்சி ஒன்னாவது இருக்கட்டும்னுதான் தங்கச்சி அன்னைக்குக் குடுத்து விட்டேன்" என்றார்.

"அப்ப நாங்கள்லாம் இன்னும் தெரியாத மூஞ்சியா அண்ணே?"

அத்தை இதை அப்பாவிடம்தான் கேட்டார். ஆனால் பார்வை என்மேல் இருந்தது. எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. அன்றைக்குக் கயிற்றிலும் மிளகாய் இல்லை, கையிலும் இல்லை.

"ஏ புள்ள, கண்ணத் தொடச்சுக்க" என்றார் அத்தை. "யாராச்சும் பாத்தா தலைவர் வந்துருவாரு."